எடை பார்ப்பதற்கு முன்

போர்வெல் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றியபோது வடக்கே மல்யுத்தம் பழகினேன். எட்டாவதைத் தாண்டாதவன் நான். மாநில அணியில் சேர்ந்தால் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும் என்றார்கள்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு நடந்தது. என் பிரிவுக்கு உரிய எடையைவிட நான் முக்கால் கிலோ அதிகம். முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வேர்த்து எடை குறையட்டும் என்று பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் வெயிலில் ஓடினேன். திடீரென்று வேர்வை நின்றுபோனது. கால் இழுத்துக்கொண்டு விழுந்தேன். நெஞ்சு அடித்த வேகத்தில், செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

அன்று என்னோடு மோத வேண்டிய திருச்செங்கோட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். அவரும் எடை பார்க்கக் காத்திருந்தவர். கொஞ்சம் கூடினாலும் அவருக்கும் போட்டி இல்லை. ஓடி வந்து மழைக்கோட்டைக் கிழித்துவிட்டு, எடை பார்த்த பிறகு குடிக்க வைத்திருந்த பாட்டிலை நீட்டினார்.

"குடிங்க."

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க, சாவப் போறீங்களா?"

"எடையேத்தி என்னை வெளிய தள்ளப் பாக்கறீங்க" என்று முனகினேன்.

அவர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று பாதியைக் குடித்தார்.

"இப்ப நானும் வெளியதானுங்க. குடிங்க சாமி."

குடித்தேன். இருவருமே எடையில் தேறவில்லை. நான் எழுந்து நிற்கும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் குடிக்க எனக்குச் சாவு பயம்கூடப் போதவில்லை; அவரும் போட்டியை இழந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.