கைக்குட்டை கட்டிய வளையல்கள்

என் மகளுக்கு வளையல் சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பள்ளிக்கூடம் கைவிரித்துவிட, பெஹாலாவில் எங்கள் வீட்டுக்கே வந்து அவளுக்கேற்றபடி சொல்லித்தர ஒரு டீச்சரை ஏற்பாடு செய்தோம். ஒல்லியானவர், வங்காளி. இங்கே வங்காளத்தில் கல்யாணமான பெண்கள், கணவர் உயிரோடு இருக்கும்வரை, சங்கு வளையலைக் கழற்றுவதில்லை. அதனால் வாசலிலேயே நின்று, இரண்டு கை வளையல்களையும் தனித்தனிக் கைக்குட்டையால் இறுகக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

ஒருநாள் கிளம்பும்போதும் அவர் கட்டை அவிழ்க்கவில்லை.

"அவிழ்க்க மறந்துட்டீங்களே?" என்றேன்.

"இருக்கட்டும் தீதி, நாளைக்கு மறுபடி கட்டணுமே," என்று சிரித்தார். "வீட்ல இந்தச் சத்தத்தைக் கேட்க யார் இருக்கா?"

அப்படியென்றால் இந்தக் கழற்றாத வளையல் யாருக்காக? அவர் படியிறங்கும்போது, கொஞ்சமாவது சத்தம் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.