எட்டாம் வீட்டுச் செவ்வாய்

நாற்பத்து மூன்று வயதில் நான் இறந்துவிடுவேன் என்று நம்பி என் இளமையின் மிச்சத்தைக் கழித்தேன். நம்பியதோடு நில்லாமல் அதற்கேற்ற மாதிரி நடந்தும் கொண்டேன். அந்த வயதையும் தாண்டி, சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் குறைவில்லாமல் இருக்கிற ஒருவன் இதை எழுதுவது வெட்கக்கேடு. அதைவிடப் பெரிய வெட்கக்கேடு, இதை எனக்குச் சாதகம் பார்க்கிற எந்தச் சாத்திரியாரும் சொல்லவில்லை என்பது. நானே ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு வாசிகசாலை இருந்தது. அங்கே பகுத்தறிவுக்கு நான் பொறுப்பு. அப்படி ஒரு பதவி அங்கே கிடையாது, நானாக எடுத்துக்கொண்டது. பின்னேரம் கந்தோரில் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்த கையோடு அதன் வாசலில் கிடந்த வாங்கில் போய் இருந்து, செவ்வாய்க் கிரகம் எங்கே, சுன்னாகத்துப் பெட்டையின் கலியாணம் எங்கே என்று முழங்குவேன். ஒருநாள் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு சுருட்டு வியாபாரி, "அண்ணை, படிச்சுப்போட்டுத் திட்டுங்கோவன். படியாமல் திட்டுறதுக்கு நாங்கள் இருக்கிறம்தானே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பட்டணத்தில் பழைய புத்தகம் விற்கிறவரிடம், மட்டையும் முன்பக்கங்களும் இல்லாத ஒரு சோதிட நூலை வாங்கினேன். ஆக்கியோன் பெயரைக் கறையான் தின்றிருந்தது. பிற்பாடு நான் அந்த ஆளைத் திட்ட நினைத்தபோதெல்லாம் பெயரில்லாமலே திட்ட வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகம் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவன் பிறக்கிற நேரத்தில் கிழக்கே எந்த இராசி எழும்பிக்கொண்டிருக்கிறதோ அது அவனுடைய இலக்கினம். அதை முதலாம் வீடாக வைத்து எண்ணினால் மொத்தம் பன்னிரண்டு வீடு. காணிக்கும் வேலிக்கும் வழக்குப் பேசுகிற எங்கள் ஊரில், பிறந்த கையோடு ஒருவனுக்குப் பன்னிரண்டு வீடு கிடைப்பது நல்ல ஏற்பாடுதான். என்ன, ஒன்றிலும் அவன் குடியிருக்க முடியாது, கிரகங்கள்தான் குடியிருக்கும். ஏழாம் வீடு மனைவிக்கு உரியது, எட்டாம் வீடு ஆயுளுக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் அதிபதி என்று ஒரு சொந்தக்காரக் கிரகம் இருக்கும். ஏழாம் வீட்டின் அதிபதிக்கு மாரகாதிபதி என்றும் ஒரு பெயர் உண்டு, அதாவது உயிரெடுக்கும் உரிமை பெற்றவன். மனைவியைத் தருகிறவனே கொல்லவும் வருவான் என்று எழுதிய முனிவர் நிச்சயம் கலியாணம் செய்தவர்தான் என்று வாசிகசாலையில் சொன்னேன். அன்றைக்கு நல்ல சிரிப்பு. கிரகங்கள் முறைவைத்து எங்கள் வாழ்நாளை ஆளுகிற காலம் திசை. ஒரு திசைக்குள்ளே மற்றக் கிரகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கேட்கிற காலம் புத்தி. சிரிப்பதற்கு இதிலும் நிறைய இருந்தது.

பரிசோதனைக்கு ஒரு சாதகம் வேண்டியிருந்தது. சாதகத்தை எங்கள் பக்கத்தில் குறிப்பு என்போம். அம்மாவின் அலுமாரியில், அவருடைய கலியாணக் கூறைச் சீலைக்கு அடியில், மூலைகளில் மஞ்சள் தடவிய ஒரு கொப்பியில் என் குறிப்பு இருந்தது. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன். இலக்கினம் கடகம். கடகத்திலிருந்து எண்ணினால் ஏழாம் வீடும் எட்டாம் வீடும் சனிக்குச் சொந்தம். அந்த எட்டாம் வீட்டுக்குள் செவ்வாய் சப்பாணி கட்டி இருந்தது. சனி திசை எனக்கு அப்போதுதான், முப்பதாவது வயதில், தொடங்கியிருந்தது. அதற்குள் செவ்வாய் புத்தி வருவது நாற்பத்து மூன்று வயதில். கொல்ல உரிமை உள்ளவனுடைய காலத்தில், ஆயுள் வீட்டில் குந்தியிருப்பவன் பங்கு கேட்டு வருகிறான். புத்தகம் இதற்குச் சுற்றி வளைக்காமல் ஒரே சொல்லில் பலன் சொல்லியிருந்தது.

சிரித்தேன். பிறகு இன்னொரு தரம் கணக்குப் பார்த்தேன். உண்மையாகச் சிரிக்கிறவன் இன்னொரு தரம் கணக்குப் பார்ப்பதில்லை.

அந்த மாதங்களில்தான் எனக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நெல்லியடிப் பக்கத்துப் பெண். கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, கிழமை நாட்களில் உறவினர் வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர். எங்கள் வாசிகசாலைக்கு வந்து புத்தகம் எடுக்கிற ஒரேயொரு பெண். நான் சிபாரிசு செய்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவை ஏன் நல்ல புத்தகங்கள் இல்லை என்று இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டுப் போவார். தரகர் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தபோது என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு தரகரைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. புத்தூரில் ஒரு சாத்திரியார் இரண்டு குறிப்புகளையும் பார்த்துப் பொருத்தம் திறம், கட்டலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

புத்தகத்தைப் படித்தபின் அந்தத் திறம் எனக்கு உதைத்தது. எட்டில் செவ்வாய் இருந்தால் அது செவ்வாய்க் குற்றம். அதே குற்றம் உள்ள இன்னொரு குறிப்போடுதான் சேர்ப்பார்கள். நெல்லியடிப் பெண்ணின் குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லையென்று தரகர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அப்படியென்றால் புத்தூர்ச் சாத்திரியாருக்கு அரிச்சுவடியே தெரியவில்லை. சாத்திரிமார் முட்டாள்கள் என்று நான் இத்தனை நாள் சொன்னதற்கு இதோ ஆதாரம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது. அவர் முட்டாளாக இருக்கலாம், வேறு விதமாகவும் இருக்கலாம் என்று யோசிக்கிற அளவுக்கு என் பகுத்தறிவு வளரவில்லை.

என் சின்னம்மா இளவயதில் வெள்ளைச் சீலைக்கு மாறியவர். கலியாண வீடுகளில் முதல்நாளே போய் அடுப்படியில் இருந்து பலகாரம் சுடுவார். தாலி கட்டுகிற நேரம் மேளம் கூடும்போது கையைத் துடைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய் நிற்பார். ஒருவரும் போகச் சொல்வதில்லை. மேளம் அடங்கினபிறகு வந்து, மிச்சப் பலகாரத்தை மூடி வைப்பார். அந்தப் பின்வளவில் நெல்லியடிப் பெண் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நினைத்த பிறகு சரியாக நித்திரை வரவில்லை.

கலியாணம் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். ஊர் முழுவதும் சாத்திரத்தைத் திட்டித் திரிந்தவன் செவ்வாய்க்குப் பயந்து போனான் என்று எப்படிச் சொல்வது? சீதனம் வாங்கிச் செய்கிற கலியாணத்தில் எனக்கு உடன்பாடில்லை என்றேன். தரகர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. வாசிகசாலையில் என்னைக் கொள்கைவாதி என்றார்கள். யாரோ ஒரு இளைஞர் சங்கத்தில் பேசக்கூடக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசினேன். கைதட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் நெல்லியடிப் பெண் நின்றார். நான் அந்தப் பக்கத்தால் சைக்கிளில் வந்தது தற்செயல் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். சீதனம் பற்றி நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவர் கேட்டு முடித்தார்.

"சீதனம் வேண்டாமெண்டால் சீதனமில்லாமல் கட்டலாம்தானே?" என்றார். "ஐயாவும் சந்தோசப்படுவார்."

கொள்கை என்ற சொல்லை இன்னொருமுறை சொன்னேன் என்று நினைக்கிறேன். பஸ் வந்தது. அவர் ஏறி யன்னலோரம் இருந்து, மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டார். அது வாசிகசாலைப் புத்தகம். கிழமை முடிய அதைத் திருப்பி அனுப்பினார், வேறொரு ஆளிடம் கொடுத்து. அதற்குப் பிறகு வரவில்லை. சில வருடத்தில் ஒரு கணக்கு வாத்தியாரைக் கட்டி, இரண்டு பேரும் படிப்பிக்க நைஜீரியாவுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நான் காத்திருந்தேன். மரணத்துக்குக் காத்திருப்பது என்று எழுதினால் பெரிய காரியம் போல இருக்கிறது. உண்மையில் அது ரயில் வராத ஸ்ரேசனில் இருப்பது போன்ற வேலை. பதவி உயர்வுச் சோதினைக்குப் போகவில்லை. பென்சன் எடுக்கப் போகிறவனுக்குத்தான் அதெல்லாம். வளவில் தென்னம்பிள்ளை வைக்கவில்லை, வாழை மட்டும் வைத்தேன். இரண்டு பாகத்துக்கு மேற்பட்ட புத்தகங்களைத் தொடவில்லை. வந்த சம்பந்தங்களை எல்லாம் கொள்கையால் அடித்து விரட்டினேன், பிறகு அவை வருவதும் நின்றது. அம்மா நரைத்தார். வீட்டில் இரண்டு கோப்பை, இரண்டு கதிரை. மழைக்காலத்தில் ஓட்டில் ஒழுக்கு விழும். கொஞ்சக் காலத்துக்குத்தானே என்று ஒரு சட்டியை வைத்துவிட்டு இருந்தேன். சட்டி நிறைந்தால் அம்மா எடுத்து ஊற்றுவார், திரும்பக் கொண்டுவந்து வைப்பார். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

செவ்வாய் புத்தி வந்தது. சைக்கிளை ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுத்தேன். புத்தகங்களை வாசிகசாலைக்குக் கொடுத்தேன், அந்தச் சோதிட நூலைத் தவிர. ஒரு வருடமும் சொச்சமும் அந்தப் புத்தி. அதற்குள் எனக்கு நேர்ந்தது பலாப்பழம் தின்று ஒருநாள் வயிற்றால் போனதுதான். அன்றைக்கு அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் மாதுளங்கோது அவித்துத் தந்துவிட்டு ஆட்டுக்குக் குழை போடப் போனார்.

புத்தி முடிந்த அடுத்த நாள் காலை கிணற்றடிக்குப் போய்ப் பல் தீட்டினேன். பிழைத்தவன் சந்தோசப்பட வேண்டும். எனக்கு வந்தது வேறு. முன்னால் இன்னும் இருபது முப்பது வருடம் கிடந்தது, அதற்கென்று என்னிடம் ஒன்றும் இல்லை. சைக்கிளும் இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, என்ன காரணம் சொல்லிக் கேட்பது? வாழை குலை தள்ளியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வாளியோடு வெகுநேரம் நின்றேன்.

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து குறிப்பை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முன்னால் கொப்பியை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய், சனி, நெல்லியடி, சின்னம்மா, எல்லாவற்றையும். அவர் கை நின்றது.

"உந்தக் குறிப்பை எங்கையெடா எடுத்தனி?" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். நெல்லியடிப் பேச்சுக்கு முன்னே சாவகச்சேரியில் ஒரு சம்பந்தம் வந்ததாம். நல்ல இடம், ஆனால் பெண்ணுக்கு எட்டில் செவ்வாய். எனக்குச் செவ்வாய் ஒன்பதில், குற்றமில்லாத இடத்தில். குற்றமில்லாதது அப்போது பெரிய குற்றமாகப் போய்விட்டது. குறிப்பு எழுதுகிற ஒருவரைப் பிடித்து நான் பிறந்த நேரத்தை இரண்டு மணித்தியாலம் பிந்தச் செய்து, மிதுன இலக்கினத்தைக் கடகமாக்கி, செவ்வாயை எட்டாம் வீட்டுக்குக் குடிமாற்றினார்கள். ஊரில் பல பேர் செய்கிற காரியம்தான். அந்த இடம் என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டது. நெல்லியடிக்குப் போனது என் உண்மைக் குறிப்பு. அதுதான் பொருத்தம் திறமாக இருந்தது.

அந்த நிலையிலும் என் மூளை கணக்குப் போட்டது. மிதுனத்திலிருந்து எண்ணினால் சனி ஒன்பதாம் வீட்டுக்கும் சொந்தக்காரன். ஒன்பது பாக்கிய வீடு. நான் சட்டி வைத்து ஒழுக்குத் தண்ணீர் பிடித்த அத்தனை வருடமும் எனக்குப் பாக்கியத்தின் காலம்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சாத்திரத்தில் நம்பிக்கையில்லாத பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லி ஏச்சு வாங்குவானேன் என்று இருந்தாராம். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தேங்காய்ப் பாதியைத் திரும்பக் கையில் எடுத்தார். இரண்டு தரம் துருவினார்.

"அது கலியாணத்துக்கு எழுதுவிச்ச குறிப்பு, தம்பி," என்றார். "அதைப் பார்த்து ஆரும் சாக வெளிக்கிடுவினமே?"