இரண்டு தரம் அடித்த மணி

மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை. நான் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பேர்போன ஒரு கடையில் நான் சமையற்காரன். முட்டை பொரிப்பதில் எனக்கு இருபது வருட அனுபவம், பயப்படுவதில் ஐம்பத்திரண்டு.

வெயிட்ரஸ்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி எங்கள் ஊர்ப்பிள்ளை. இன்னொருத்தி உக்ரேன்காரி, சின்ன வயது. அவளுடைய காதலன் அங்கே போர்முனையில். சிக்னல் கிடைக்கும் அரை நிமிடத்தில் அவன் அனுப்புவது ஒரேயொரு கூட்டல் குறி. உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். ஒருநாள் இரண்டு குறி வந்துவிட்டது. மூன்று பெண்களும் கூடி ஆராய்ந்து, இரண்டாவது குறி முத்தம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

வேலை நேரத்தில் போன் வைத்திருக்க முதலாளி விடமாட்டார். அதனால் அவளுடைய போன் என் அடுப்புக்கு முன்னாலுள்ள பலகையில் இருக்கும். சாப்பாடு தயாரென்றால் மணியை ஒருதரம் அடிப்பேன். கூட்டல் குறி வந்தால் இரண்டு தரம். பெண்கள் போட்ட சட்டம் அது. இரண்டு தரம் கேட்டால் மூவரும் நின்ற இடத்தில் நின்று சிரிப்பார்கள். தங்களைப் பார்த்துத்தான் என்று நினைத்து வாடிக்கையாளர்களும் சிரிப்பார்கள்.

வழக்கமாக ஒன்பது மணிக்குள் வந்துவிடும். அன்று பதினொன்றாகியும் வரவில்லை. தட்டு எடுக்க வரும்போதெல்லாம் அவள் போனையும் என் முகத்தையும் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன். வாசலில் சனம் வரிசையில் நிற்கிறது. நாலு தட்டு ஆறுகிறது, எடுக்க ஆளில்லை. பதற்றத்தில் மணியை ஓங்கி அடித்தேன். ஒருவரும் வரவில்லை. உடனே இன்னொரு அடி.

கோப்பிக் கேத்தலை ஒரு வாடிக்கையாளரின் கையில் திணித்துவிட்டு அவள் ஓடி வந்தாள். போனை எடுத்தாள். ஒன்றுமில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஆறின தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வீரனாகிய நான் நேரே குளிரறைக்குள் போய்த் தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தேடி வந்தவள் எங்கள் ஊர் வெயிட்ரஸ்.

"அண்ணை, உதுக்குள்ள என்ன செய்யிறியள்? ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறியளோ?"

"அவளின்ர முகத்தில முழிக்கேலாது தங்கச்சி."

"முழிக்க வேண்டாம். நாலாம் மேசைக்குப் பான்கேக்கைப் போடுங்கோ. கை ஓடிக்கொண்டிருந்தாத்தான் அவள் நிண்டு பிடிப்பாள்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வன்னியில கடைசிச் சண்டை நடந்த நேரம் நானும் இதே கடையிலதானே கோப்பி ஊத்தினனான். கலியாணம் பேசின ஆள் அங்க உள்ளுக்க. நானும் போனைப் பாத்துக்கொண்டு நிண்டன்."

"பிறகு?"

"போன் வரேல்லை. வாங்கோ, முட்டை கருகுது."

நான் அந்தக் கடைக்கு வந்ததிலிருந்து பத்து வருடமாக ஒன்றாக வேலை செய்தோம். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியவந்தது.

ஒன்றரை மணிக்குப் போன் திரை வெளிச்சமானது. ஒரு கூட்டல் குறி. இனி என் மணியை அவள் நம்புவாளா? எண்ணெய் ஏப்ரனோடு சமையற்காரன் வெளியே போகக்கூடாதென்பது முதலாளியின் கட்டளை. போனேன். பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு கதிரையை இடித்து, ஒரு பெரியவரின் தொப்பியையும் தட்டிவிழுத்திக்கொண்டு போனேன்.

பார்த்தவள் அப்படியே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாமவள் ஒன்றும் கேட்காமல் அவளுடைய மேசைகளையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினாள். எங்கள் ஊர்ப்பிள்ளை வந்து, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "முட்டை எப்படி வேண்டும், மேடம்?"

மேடம் சிரித்தாள், அழுதாள், இரண்டு பக்கமும் பொரிக்கச் சொன்னாள். தனக்கு வராத செய்தி இன்னொருத்திக்கு வந்தபோது எங்கள் ஊர்ப்பிள்ளை அப்படி நிமிர்ந்து நின்று குறித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, நான் அடுப்புக்குப் போய்ப் பொரித்தேன்.

அதன் பிறகு எந்தக் கடையில் கோப்பி வரப் பிந்தினாலும் நான் முகம் சுளிப்பதில்லை. கொண்டுவருகிறவள் எந்தச் செய்திக்குக் காத்துக்கொண்டு அந்தக் கோப்பையை ஆடாமல் பிடித்திருக்கிறாளோ என்றுதான் நினைப்பேன்.