பிரான்ஸ் டிவியும் வாத்துத் துப்பாக்கியும்

என் தம்பி பிரான்ஸிலிருந்து வருகிறான் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை ஒரு டியூப் டிவி தேடிப் புறப்பட்டது. பழைய இரும்புக் கடைக்காரன்கூட எடுத்துக்கொள்ள யோசிக்கிற சாமானை எவளாவது காசு கொடுத்து வாங்குவாளா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வாங்குவாள். அவருக்கு வாய்த்தவளே வாங்குவாள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு இருப்பது ஒரே தம்பி. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் பெண் எடுத்தான், அங்கேயே போய்விட்டான், அவனும் நேஷனாலிட்டி வாங்கிவிட்டான். அதெல்லாம் எங்கள் ஊரில் நடக்கிற கதைதான், அதற்காக யாரும் மூக்கைச் சிந்துவதில்லை. ஆனால் போன தடவை வந்தானே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கடற்கரைப் பக்கம் ஓட்டலில் ரூம் போட்டுக்கொண்டான். அரியாங்குப்பத்தில் இருக்கிற என் வீட்டுக்கு ஒரே ஒரு மதியம் சாப்பிட வந்தான். கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, போனில் பிள்ளைகளின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். சாம்பார் ஊற்றினால் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான். படம் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்தது. அவன் ஆட்டோ ஏறிப் போன பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன். கூடப்பிறந்தவன் எனக்கு விருந்தாளி ஆகிவிட்டான்.

இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் பரண் துடைக்கும்போது அந்த அட்டைப் பெட்டி கிடைத்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் டிவியில் மாட்டி விளையாடிய கேம் பெட்டி. கூடவே ஆரஞ்சு நிறத் துப்பாக்கி. திரையில் வாத்து பறக்கும், சுட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. எனக்கும் அவனுக்கும் நடந்த சண்டையில் முக்கால்வாசி அந்தத் துப்பாக்கியால் வந்ததுதான். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குப் பின்னால் நின்றுதான் சுட வேண்டும் என்பது சட்டம். அவன் கோட்டைத் தாண்டிப் போய்த் துப்பாக்கியைக் கண்ணாடியிலேயே வைத்து அழுத்துவான். அப்படியும் தோற்றால் துப்பாக்கியை ஒளித்து வைத்துவிடுவான், நான் பழகி இன்னும் கெட்டிக்காரி ஆகிவிடக் கூடாதாம். ஒரு முறை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, எடுத்துக் கொடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். அம்மா சோறு வடிக்க அரிசி அளக்கும்போது உழக்கோடு துப்பாக்கியும் வந்தது.

பெட்டியை எங்கள் ஹாலில் சுவரோடு ஒட்டியிருக்கும் புது டிவியில் மாட்டினேன். வாத்து பறந்தது. சுட்டேன், சுட்டேன், விரல் வலிக்கச் சுட்டேன். ஒன்றுகூட விழவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து மனம் நொந்துபோனேன். வீட்டுக்காரர் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, இந்தத் துப்பாக்கி பழைய டியூப் டிவியில்தான் வேலை செய்யும், தட்டை டிவியில் செய்யாது என்றார். வயதின் மேல் பழி இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

சின்ன டியூப் டிவி என்றால் எங்கும் சும்மாவே கிடைக்கும். ஆனால் அவன் வீட்டில் சுவர் அகலத்துக்கு டிவி இருப்பதைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். அவன் முன்னால் ஒரு தக்கனூண்டு பெட்டியை வைத்து மானம் போக வேண்டுமா? பெரிசாகத்தான் வாங்க வேண்டும், உசத்தியாகத்தான் வாங்க வேண்டும், ஆனால் சீட்டுப் பணத்தில் மிச்சம் இருப்பதற்குள் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். ஒரு டிவியில் கதாநாயகன் முகம் பாதி பச்சை, பாதி ஊதா. இன்னொன்றில் சத்தம் மட்டும் வந்தது. இது ரேடியோவா என்று கேட்டேன், கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடும் ஜன்னலில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வாய் நீண்டுவிட்டது, என்ன செய்ய. பக்கத்தில் பழைய ஷூ விற்றுக்கொண்டிருந்தவர்தான், ரயிலடிப் பக்கம் ஒரு சொல்தா வீட்டில் பெரிய டிவி விலைக்கு இருக்கிறது, பிரான்ஸிலிருந்தே கொண்டுவந்தது என்றார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். அவர்கள் வீட்டுச் சாமான் என்றால் ஊரில் தனி மதிப்பு. பிரான்ஸிலிருந்து வந்த கத்தரிக்கோல் துருப்பிடித்திருந்தாலும் அதை இரவல் கேட்க ஆள் வரும். நானும் இந்த ஊர்க்காரிதானே. பிரான்ஸ் டிவி என்று காதில் விழுந்த நொடியே பாதி வாங்கியாகிவிட்டது.

அந்த வீட்டு சொல்தா காலமாகி ரொம்ப நாளாகிறது. அவர் மனைவி, எல்லோரும் மதாம் என்று கூப்பிடுகிற பெரியம்மா, மகனோடு இருக்க பிரான்ஸ் போகிறார், அதனால் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ஹாலில் டிவி நின்றது. மரப் பெட்டி, பீரோ அளவு, கண்ணாடி நம் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்கிற மாதிரி பளபளப்பு. நான் ஏமாளி இல்லை. போட்டுக் காட்டுங்கள் என்றேன். மதாம் தன் வீடியோ பெட்டியில் ஒரு கேசட்டைத் தள்ளினார். பாரிஸில் அவர் மகன் கல்யாணம் ஓடியது. அடடா, என்ன கலர். மணப்பெண் கையிலிருந்த ரோஜாவை எட்டிப் பறிக்கலாம் போல இருந்தது. எனக்கு வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

பேரம் பேசினேன். மதாம் விலையை இறக்கவே மாட்டேன் என்றார். நான் குறைத்துக் கேட்கும்போதெல்லாம் அவர் சாமானைக் கூட்டினார். முதலில் டிவி வைக்கிற மேசை, பிறகு ஒரு டப்பா நிறைய ஒயர், பிறகு சுவரில் தொங்கிய காலண்டர். வீட்டுப் பூனையையும் தலையில் கட்டிவிடுவாரோ என்று பயந்துபோய் சரி என்று பணத்தை நீட்டினேன். "பிரான்ஸ் சாமான்மா. நாம செத்தாலும் அது சாவாது," என்றார். வீடியோ பெட்டியை மட்டும் தரவில்லை.

தூக்குவதற்குப் பெரிய மார்க்கெட்டிலிருந்து மூட்டை சுமக்கிற இரண்டு பேரைக் கூட்டிவந்தேன். ஒருவர் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "இன்னாமா, உள்ள ஆள் இருக்கா?" என்றார். பாரமெல்லாம் கண்ணாடிப் பக்கம், பின்னால் காற்று, எப்படிப் பிடித்தாலும் முகம் குப்புற விழப் பார்த்தது. குட்டி யானை வண்டியில் ஏற்றி, மெத்தையில் சாய்த்து, பாலம் தாண்டும்போது நானே பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள் நுழைக்கக் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் திருப்புளியோடு நின்றுகொண்டு, என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோதுகூட இந்த வீட்டில் கதவைக் கழற்றவில்லை என்றார்.

மதாம் கொடுத்த டப்பாவில் தேடி, டிவிக்குப் பின்னால் இருந்த சீப்பு போன்ற அகலமான ஓட்டைக்குப் பொருந்துகிற ஒயரை எடுத்து அவரே கேம் பெட்டியை மாட்டினார். படம் வந்தது. சுட்டேன். வாத்து தொப்பென்று விழுந்தது. குதித்தேன். குதித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், வாத்து கறுப்பு வெள்ளை. வானம் சாம்பல். புல்லும் சாம்பல். கேபிள் பெட்டியை மாட்டிப் பார்த்தோம், அதிலும் நகைக்கடை விளம்பரத்தில் தங்கம் அலுமினியம் மாதிரி தெரிந்தது.

முதலில் வீட்டுக்காரரைத் திட்டினேன், ஒயரை மாற்றி மாட்டிவிட்டார் என்று. பிறகு டிவியைத் திட்டினேன். பிறகு மதாமுக்கு போன் போட்டேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அவர் நிதானமாகச் சொன்னார்: "என் வூட்டுல கலரு வந்துச்சு, நீயே பாத்த. உன் வூட்டுல வரலன்னா வூட்டப் பாரும்மா." கலர் வந்ததை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேனே. இரண்டு நாள் எங்கள் வீட்டு கரண்டைச் சந்தேகப்பட்டேன்.

தம்பி வந்தான். இந்தத் தடவையும் ஓட்டல்தான். சாப்பிட வந்த அன்று வஞ்சிரம் வறுத்திருந்தேன். டிவியைப் பழைய புடவை போட்டு மூடி வைத்திருந்தேன். அவன் அதே நாற்காலியில், அதே நுனியில் உட்கார்ந்தான். அதே தண்ணீர் பாட்டில். பிள்ளைகள் படம் தொடங்கியது. மீன் நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் மனுஷியிடம் சொல்கிற மாதிரி சொன்னான். இனிமேல் பொறுக்க முடியாது என்று எழுந்துபோய்ப் புடவையை உருவினேன்.

அவன் டிவிக்கு முன்னால் வரவில்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்து அங்கே ஒட்டியிருந்த தாளைப் படித்தான். இது பிரான்ஸ் டிவியா என்று கேட்டான். ஆமாம், உனக்காகத்தான் தேடிப் பிடித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் கலர் வராதே என்றான். அந்தக் காலத்தில் பிரான்ஸில் கலர் அனுப்புகிற முறையே வேறாம். அங்கே செய்த இந்த மாதிரிப் பழைய டிவி அந்த ஊர் ஒளிபரப்பையும் அந்த ஊர் கேசட்டையும்தான் கலராகக் காட்டுமாம். நம் ஊருடையதைக் கறுப்பு வெள்ளையாகத்தான் காட்டுமாம். மதாம் ஏமாற்றவும் இல்லை, நான் ஏமாறவும் இல்லை. ஊரே பிரான்ஸ் சாமான் என்று வாயைப் பிளக்கும், அந்தச் சாமானுக்கு நம்மைத் தெரியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அங்க போய் நேஷனாலிட்டி வாங்கிட்டா எல்லாம் இப்படித்தான் போல. நம்ம ஊருதுன்னா வெளுத்துப் போவுது," என்றேன். டிவியைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் குரல் உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குள் போனார், மேசையில் தண்ணீர் இருக்கும்போதே.

தம்பி அந்த இறுக்கமான பேண்ட்டோடு சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தான். பெட்டியிலிருந்த துப்பாக்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சாக்பீஸ் இருக்கா?" என்றான்.

இருந்தது, வாங்கி வைத்திருந்தேன். கோட்டை அவனே போட்டான். முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். இரண்டாவதும் நான். சாம்பல் வாத்து, சாம்பல் புல், யாருக்குக் கவலை. மூன்றாவது ஆட்டத்தில் அவன் முட்டி மெல்ல மெல்லக் கோட்டைத் தாண்டியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வாத்துக்கு எழுந்து ஒரே பாய்ச்சலாகப் போய்த் துப்பாக்கியைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். நான் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், காலரில் பட்டன் தெறித்தது.

"போங்கு ஆடுறடா!"

"நீதான் போங்கு. ரெண்டு நாளா தனியா பழகியிருக்க, மூஞ்சப் பாத்தாலே தெரியுது," என்றான். அவன் தண்ணீர் பாட்டில் எங்கேயோ உருண்டு போய்விட்டது. எங்கள் சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தான். சாயங்காலமே ஓட்டலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்த விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவன் புறப்பட்டுப் போன மதியம், ஹாலைக் கூட்டும்போது அந்த அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். துப்பாக்கி இல்லை. சோபா அடியில் பார்த்தேன், பரணில் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அரிசி டிரம்முக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தேன். அப்போது சென்னை விமான நிலையத்திலிருந்து அவன் போன் வந்தது.

"அக்கா, பெட்டியத் தொறக்கச் சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் வாத்து சுடுறதப் பத்தி வெளக்கிச் சொன்னேன். இப்பதான் வுட்டாங்க," என்றான்.

ஏன்டா எடுத்துக்கொண்டு போனாய், அங்கே எந்த டிவியில் சுடப்போகிறாய் என்று கத்தினேன்.

"இங்க இருந்தா நீ பழகிப்ப. பொங்கலுக்கு வரும்போது எடுத்தாரேன். அதுவரைக்கும் கோட்ட அழிச்சிடாத."

டிவியை எப்போது அப்புறப்படுத்தப் போகிறாய், கதவை மறுபடி கழற்ற வேண்டும், முதலிலேயே சொல்லிவிடு என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பொங்கல் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வீடு துடைக்கும்போது கோட்டின் மேல் ஈரத்துணி படாமல் சுற்றிச் சுற்றித் துடைக்கிறேன். என் பக்கம் மட்டும் அதை டிவியை நோக்கி ஒரு சாண் முன்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன். வந்து கண்டுபிடித்துச் சண்டை போடட்டும்.