முடிச்சு அவிழாத பெல்ட்

என் மனைவியை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சாயங்காலம் மோட்டார் பட்டறையின் மேல்மாடியில், பாய் விரித்த ஒரு ஹாலில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு சொல்லிக்கொடுக்கிறாள். குத்து, உதை கிடையாது. கட்டிப் புரண்டு கையை மடக்க வேண்டும், காலரைப் பிடித்துக் கழுத்தை நெரிக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் தோற்றதாக ஒப்புக்கொண்டு கையால் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். தையல்காரனான எனக்கு இதில் தெரிந்ததெல்லாம் அவர்கள் போடுகிற தடித்த சட்டைகள் எங்கே கிழியும் என்பது மட்டும்தான்.

அவளைப் போல் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை. தோற்று வந்தவரை மறுநாளே, தோற்ற அதே பிடியில் படுக்க வைப்பாள். ஜெயித்து வந்தவரைப் பாராட்டுவதற்குப் பதில் தூங்கச் சொல்லி வீட்டுக்கு விரட்டுவாள். "ஒரு தடவ ஜெயிக்க வெறி போதும். திரும்பத் திரும்ப ஜெயிக்கணும்னா நல்லா சாப்பிடணும், நல்லா தூங்கணும், அடிபட்டா அடங்கி உக்காரணும்" என்பாள். அடங்கி உட்காருவதைப் பற்றி இவள் பேசுவதுதான் வேடிக்கை.

அவளிடம் இருந்ததிலேயே கெட்டிக்காரி, லாண்டரியில் இஸ்திரி போடுகிற பெண். லாண்டரிக்காரி என்றே எல்லாரும் சொல்வோம். போன வருடம் தேசியப் பட்டம் வாங்கினாள். இந்த வருடமும் அதைத் தக்கவைத்தால்தான் நாட்டு அணியில் இடம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இது போனால் போனதுதான் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இந்த விளையாட்டில் நிஜமாக மோதினால் இடுப்பு பெல்ட் அவிழ்ந்து தொங்கும். லாண்டரிக்காரியின் பெல்ட் மட்டும் கொஞ்ச நாளாகவே கட்டிய முடிச்சு கலையாமல் இருந்தது. ஹாலில் எல்லாருக்கும் அதில் ஏகப் பெருமை. "அவ முடிச்ச அவுக்க இனிமே ஒருத்தர் பொறந்துதான் வரணும், மாஸ்டர்" என்றார் அங்கே பழகுகிற பிளம்பர். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க அவள யாராலயும் கஷ்டப்படுத்த முடியலைங்க. என்னாலயும் முடியல. இப்படியே போட்டிக்குப் போனா, மாட்டிக்கும்போது பேந்தப் பேந்த முழிப்பா."

"அதுக்கு என்ன பண்ணப் போற?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகப் போறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பக்கத்து ஹால்காரன் இவளோடு சேர்ந்து கற்றவன். சண்டை போட்டு, இவள் ஆட்களில் பாதிப் பேரைக் கிளப்பிக்கொண்டு போனவன். ஜியு-ஜிட்சுக்காரர்களுக்கு ஹால் மாறுவது என்பது கட்சி மாறுவதைவிடக் கேவலம். அவரவர் ஹாலின் சின்னத்தை நெஞ்சில் தைத்துக்கொண்டு திரிகிறவர்கள்.

"உனக்கென்ன பைத்தியமா? அவன் மூஞ்சில முழிப்பியா?"

"அவன் மூஞ்சி எதுக்கு? அவன்கிட்ட நல்ல பொண்ணுங்க இருக்காங்க."

என் கண் முன்னாலேயே அவனுக்குப் போன் போட்டாள். லாண்டரிக்காரிதான் வர மாட்டேன் என்று அழுதாள். "துரோகின்னு சொல்லுவாங்க மாஸ்டர்."

"நானும் கூட வரேன். என்னையும் சேத்தே சொல்லட்டும்."

சொன்னார்கள், இங்கேயும் அங்கேயும். லாண்டரிக்காரி அங்கே போய் ஆளாளுக்குக் கீழே நசுங்கினாள். பெல்ட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். என் மனைவி சுவரோரம் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து, இன்னொருவன் இவள் பழக்கிய பெண்ணைத் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் களைத்துப்போனால் மட்டும் எழுந்து, "இன்னைக்குப் போதும்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு அவனும் எதிர்ப் பேச்சு பேசியதில்லை.

பட்டத்துக்கான கடைசி மோதலில் எதிராளியாக வந்தவள், முன்பு அவன் ஹாலில் பயிற்சி எடுத்தவள். பாய் ஓரத்தில் ஒரு போட்டியாளருக்கு ஒரு நாற்காலிதான். பயிற்சியாளர் ஒருவர்தான் உட்காரலாம். என் மனைவி, போட்டிக்குக் கூட வந்திருந்த அவனைப் பார்த்து, "நீ உக்காரு. அந்தப் பொண்ணு அடுத்து என்ன பண்ணுவான்னு உனக்குத்தான் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு மேலே பார்வையாளர் வரிசைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

பாதியிலேயே லாண்டரிக்காரி மாட்டினாள். எதிராளி முதுகில் தொற்றிக்கொண்டு, தாடைக்குக் கீழே கையை நுழைத்துவிட்டாள். என் மனைவி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இரண்டு குரல் கேட்டால் பெண் குழம்பிவிடுவாளாம். கீழேயிருந்து அவன் கத்தினான். "மொதல்ல கைய பிரி! இப்ப தோள பாயில வை!" லாண்டரிக்காரி முழிக்கவில்லை. கையைப் பிரித்தாள், தோளை வைத்தாள், புரண்டு மேலே வந்து காலரை இறுக்கினாள். எதிராளி தட்டிவிட்டாள்.

கீழே ஒரே ஆரவாரம். போட்டோக்காரர்கள் அவளையும் அவனையும் சேர்த்து நிறுத்தினார்கள். பயிற்சியாளர் என்று மைக்கில் அவன் பேரைத்தான் சொன்னார்கள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"உனக்கு வயிறு எரியலையா?"

"எரியுதுங்க. நல்லாவே எரியுது" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அதுக்காக அவள தோக்க விட முடியுமா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். போட்டோவில் விழாத தூரத்தில் நின்று, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.