மாப்பிள்ளை வீட்டு ஏரியல்

1931ஆம் வருஷம் அக்டோபர் 29ந் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிஷம். ஆம்பூரில் காற்றே இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் மேகம் எண்ணி இரண்டு, இரண்டும் கிழக்கே. அந்த நேரத்தில் நான் என் தங்கை புருஷனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய ஹெட்போனை என் காதில் மாட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஊரில் இல்லை. ஆற்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு, தங்கையையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே போய்விட்டார். வாசலில் தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். மரப்பட்டை ஊறிய தண்ணீரிலிருந்து எடுத்த ஆயிரத்து நூற்று நாற்பது ஆட்டுத் தோலைக் களத்தில் விரிக்கலாமா, மழை வருமா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

ரயில்வே ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தாவாக எனக்கு அப்போது இருபத்து நான்கு வருஷ சர்வீஸ். நிமிஷத்துக்கு இருபத்தைந்து வார்த்தை எடுப்பேன். ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையால் காப்பி குடிப்பேன். ஊருக்கு வருகிற சாவும் பிறப்பும் தோல் விலையும் முதலில் என் பென்சிலைத் தாண்டித்தான் போகும். மாப்பிள்ளை தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர். மூன்று வருஷத்துக்கு முன் என் ஜன்னலுக்கு வந்து, "மச்சான், அந்தத் தந்தி பாஷைய எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றார்.

"எதுக்கு மாப்ளே? உங்க ஷாப்புல தோலு பேசுதா?" என்றேன்.

ஆபீசில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மறுபடியும் இல்லையென்று சொல்லியிருப்பேன். அந்தச் சந்தோஷத்தைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை.

சென்னையிலிருந்து மூன்று ரேடியோ வால்வு வரவழைத்தார். பலகையில் தானே துளை போட்டுக் கம்பி சுற்றினார். பேட்டரியைத் துணியில் கட்டி, பத்து நாளுக்கு ஒரு முறை வேலூருக்கு ரயிலில் கொண்டுபோய், ஒரு சினிமாக் கொட்டகை டைனமோவில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார். இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே ஏரியலாகச் செம்புக் கம்பி கட்டினார். அறுபத்தெட்டு அடி. அவர் இல்லாத நேரத்தில் நான் கீழே நடந்து அளந்தேன். கடலில் போகிற கப்பல்கள் பேசுவதைக் கேட்டே எட்டு மாதத்தில் பாஷையைக் கற்றுக்கொண்டார். பரீட்சை எழுதினார். கேட்க மட்டுமல்ல, பேசவும் லைசன்ஸ் வாங்கினார்.

பிறகு கார்டுகள் வர ஆரம்பித்தன. இவர் ஆம்பூரில் தட்டினால் அங்கே எவனோ கேட்டு, "உங்கள் சத்தம் தெளிவாக இருந்தது" என்று கார்டு போடுவான். இலங்கையிலிருந்து ஐந்து, பர்மாவிலிருந்து நான்கு, கல்கத்தாவிலிருந்து ஒன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்று. பதினொன்றையும் சுவரில் குத்தி வைத்திருந்தார். இருபத்து நான்கு வருஷத்தில் என் வேலையைப் பற்றி எனக்கு வந்த கார்டு ஒன்றே ஒன்று. பார்சல் தாமதமானதற்காக வாணியம்பாடிக்காரர் ஒருவர் திட்டி எழுதியது.

ஒரு நாள் அந்தப் பெட்டியில் வந்த நேரச் சைகையைக் கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தார். பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பேர் நிற்கையில், "மச்சான், உங்க கடிகாரம் நாப்பது செகண்டு ஸ்லோ" என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இதெல்லாம் விளையாட்டு என்று விட்டுவிடலாம். ஆனால் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல்களுக்குத் தினமும் காலையில் வானிலை சொல்வார்கள், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. மாப்பிள்ளை அதை எழுதி ஷாப்புக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஈரத் தோலில் மழைத் துளி விழுந்தால் கறை பிடிக்கும், விலை போகாது. முந்தின வருஷ மழைக்காலத்தில் ஐந்து தடவை சொன்னார், ஐந்தும் பலித்தது. அதன் பிறகு என் ஜன்னலில் நின்று பேசுகிற ஆள் கம்மி.

அதனால் அந்த வியாழக்கிழமை மேஸ்திரி என்னைத் தேடி வந்தபோது எனக்கு உள்ளூர இனித்தது.

"தந்தி சார், உங்க மாப்ள ஊர்ல இல்ல. மொதலாளி தோல விரின்றாரு. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சார்."

"அவரு ஒண்ணும் எழுதி வெச்சிட்டுப் போகலையா?"

"இன்னா சார் நீங்க, இன்னிக்கு மழைய நேத்தே எழுதி வெப்பாரா? உங்களுக்கு இது ஒரு பெரிய வேலையா? அவரே சொல்வாரு, எங்க மச்சான் கைக்கு முன்னாடி நான் தூசுன்னு."

அதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார்!

எந்தத் திருகை எவ்வளவு திருப்புவார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்க்காத மாதிரி பத்தொன்பது தடவை பார்த்திருக்கிறேன். திருப்பினேன். இரைச்சல் வந்தது, பிறகு புல்லாங்குழல் மாதிரி ஒரு கீச்சுக் குரல். பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எழுத்து வரவில்லை.

எங்கள் ஸ்டேஷன் தந்திக் கருவியில் பித்தளைக் கை கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. இரண்டு தட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதுதான் எழுத்து. என் காது இருபத்து நான்கு வருஷம் அந்தத் தட்டுக்காகவே பழகியது. இங்கே தட்டே இல்லை. ஒரே ஊதல், நீளமும் குட்டையுமாக. பாஷை ஒன்றுதான், ஆனால் எனக்கு அது குருவி கத்துவது போல இருந்தது. இரண்டாம் தடவையும் சொல்லி முடித்தார்கள். என் தாளில் ஒன்பது எழுத்து இருந்தது. அதில் இரண்டு சந்தேகம்.

"இன்னா சார் சொல்றான்?" என்றார் மேஸ்திரி.

கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன். "மழை இல்ல. விரிங்க" என்றேன்.

மத்தியானம் இரண்டு பத்துக்கு ஆரம்பித்து முப்பத்தைந்து நிமிஷம் கொட்டியது. வாரி எடுப்பதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு தோல் கறைபட்டுப் போயிற்று. தோலுக்கு நாலணா நஷ்டம் என்று முதலாளி கணக்குப் போட்டார். மேஸ்திரி என் பெயரைச் சொன்னாராம். முதலாளி நம்பவில்லை. "தந்தி சார் தப்பா கேப்பாரா? இருபத்து நாலு வருஷ சர்வீஸ்! நீதான் கேக்காமலே விரிச்சிருப்பே." மேஸ்திரியின் பதினெட்டு ரூபாய்ச் சம்பளத்தில் மாதம் மூன்று ரூபாய் பிடித்தம் என்று தீர்ந்தது. முப்பத்து நான்கு மாதமும் மேலே ஒரு ரூபாயும் ஆகும் என்று நான் ஸ்டேஷனில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்டதோடு சரி. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரிக்கு ஐந்து குழந்தைகள் என்பதும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாப்பிள்ளை திரும்பி வந்தார். மேஜை மேல் என் தாளைப் பார்த்திருக்கிறார். நேரே முதலாளியிடம் போய், "பேட்டரியில சார்ஜ் இல்லாம விட்டுட்டுப் போனது என் தப்பு. மச்சானுக்குச் சரியா கேட்டிருக்காது. மேஸ்திரிய விட்டுடுங்க, என் சம்பளத்துல புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

இதைப் பிளாட்பாரத்தில் போர்ட்டர் எனக்குச் சொன்னான். "தங்கமான மனுஷன் சார் உங்க மாப்ள!" என்றான். சாயங்காலத்துக்குள் அதையே நான்கு பேர் சொன்னார்கள். மேஸ்திரியின் சம்பளம் தப்பியது என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பொய்யைக்கூட அவர் எடுத்துப் பெரிய மனுஷன் ஆகிவிட்டாரே என்றுதான் வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை தபால் ஆபீஸ் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனேன். களத்தில் முப்பது பேராவது இருப்பார்கள். முதலாளி முன்னால் பணத்தை வைத்தேன்.

"பேட்டரி நல்லாத்தான் இருந்தது, பாய். எனக்குத்தான் ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"அட! இருபத்தஞ்சு வார்த்தை எடுக்கறவருக்கா?"

"அது வேற சத்தம். என் காதுக்கு அது ஏறல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கணக்கு மேஜையிலிருந்து மாப்பிள்ளை எழுந்து ஓடி வந்தார். "மச்சான், நீங்க விடுங்க, நான் கட்டிக்கிறேன்."

"நான் சொன்ன பேச்சுல நனைஞ்ச தோலுக்கு நீங்க ஏன் கட்டணும்? போய் உங்க கணக்க எழுதுங்க, மாப்ளே."

மேஸ்திரி ஒரு ஓரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடுவார் என்று நினைத்தேன். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோல் திருப்பப் போய்விட்டார்.

நான் ஐந்து தடவை எண்ணிக் கொண்டுபோன நோட்டை முதலாளி இரண்டு தடவை எண்ணி உள்ளே வைத்தார். எல்லாரும் பார்க்க நடந்து திரும்பப் பிடிக்கவில்லை, வண்டி பிடித்தேன். நஷ்டம் நூற்று மூன்று ரூபாய், வண்டிச் சத்தம் இரண்டணா. ஆக மொத்தம் நூற்று மூன்று ரூபாய் இரண்டணா.