சூடு ஆறும்வரை

விவாகரத்து வழக்கின் முதல் விசாரணையில் எனக்குக் குரலே வரவில்லை. சம்மதித்துத்தான் பிரிகிறீர்களா என்று நீதிபதி கேட்டார். வாயைத் திறந்தேன், பதிலை வக்கீல் சொன்னார். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி கேப்பாங்க. அப்போ நீங்களேதான் சொல்லணும்" என்றார் வெளியே வந்ததும்.

செகந்திராபாத் பக்கம் அல்வாலில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு படுத்தேன். அசையாமல் கிடப்பதுதான் ஓய்வு என்று நம்பினேன். பகலெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. அம்மா வைத்த காபி ஆடை கட்டுவதும், கடுகு வெடிப்பதும் எங்கோ மேலே, கரையில் நடந்தன.

ஒருநாள் தங்கை போர்வையை உருவினாள். அவள் பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும்.

"கைக்கு, ஏன் அக்கா இப்படிக் கெடக்குறே? லீவா, ஷட்டவுனா?"

"ஷட்டவுன்."

"ஹவ், ஆமா. பழைய மெஷினு. காயலான் கடைக்குப் போட்டுடலாமா?"

"அவளைச் சீண்டாதடி, தூங்கட்டும்" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

"தூங்கினா சரிம்மா. முழிச்சுக்கிட்டே படுத்திருக்கா."

அவள் போனபிறகும் ஷட்டவுன் என்ற சொல் அறையில் மிதந்தது. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் டர்பைன் சோதிப்பது என் வேலை. ஓடிய டர்பைனை நிறுத்தியதும் அப்படியே விட்டுவிட மாட்டோம். உள்ளே கொதிப்பு இருக்கும். அசையாமல் நின்றால் மேற்பக்கம் ஒரு சூடும் கீழ்ப்பக்கம் ஒரு சூடுமாக ஆறி, உள்ளே சுழலும் தண்டு வளைந்துவிடும். அதனால் சின்ன மோட்டார் ஒன்றை வைத்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருப்போம். அந்தச் சுழற்சியால் மின்சாரம் எதுவும் வராது. தண்டு ஆறவேண்டும், அவ்வளவுதான். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

மறுநாள் மனதுக்குள் ஒரு வரிசை போட்டேன். எழுவது. தலை வாருவது. ஏரிவரை போய்வருவது. அழுகை வந்தால் நடந்தபடியே அழுவது. எதிலும் பலன் பார்க்கக்கூடாது. பனியில் ஏரிக்கு மறுகரையே இல்லை. நான் நடக்கிறேனா, கரை என்னைச் சுற்றி நகர்கிறதா என்றுகூடத் தெரியாத காலைகள் அவை.

பிறகு கம்பெனி பஸ்ஸில் ஏறத் தொடங்கினேன். பக்கத்து இருக்கைக்காரி செகந்திராபாத் தமிழ்க்காரி, என்னைவிடச் சற்று மூத்தவள்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"பிரிஞ்சிட்டோங்க."

என் குரல் என் காதில் விழுந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"இட்லி சாப்பிடுறியா?"

"வேணாங்க."

"நக்கோ எல்லாம் சொல்லாத. பொடி தடவினது."

சாப்பிட்டேன். காரமாக இருந்தது. காரம் தெரிந்ததே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் விசாரணையில் நீதிபதி தெலுங்கில் கேட்டார். கணவர் மறுபக்கம் நின்றிருந்தார், நான் எப்போதோ இஸ்திரி போட்ட நீலச்சட்டையில். வக்கீல் என்னைப் பார்த்தார்.

"அவுனண்டி" என்றேன். ஆமாம், என் விருப்பம்தான் என்று முழுதாகவும் சொன்னேன். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் என்னுடையது.

வெளியே வெயில். உள்ளே இன்னும் சற்றுச் சூடு இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் அடுத்த நிறுத்தம்வரை மெதுவாக நடந்தேன்.